எந்த மடை திறக்கிறது?

கால்சியம் என்றதும் நம் மாணவர்களுக்கு எலும்பும் பல்லும் நினைவுக்கு வரும். அடுத்தபடியாகப் பாலும் கேழ்வரகும் வரும். 'சுண்ணாம்புச் சத்து' என்ற தலைப்பில் நம் உடல்நல நூல்கள் இவற்றை நிறைவாகவே சொல்லியிருக்கின்றன; அதில் நமக்குக் குறையில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் நரம்பு மண்டலம் பற்றிய பாடத்தில் இருக்கிறது. மின்துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் கால்சிய அயனிகள் உள்ளே நுழைகின்றன, அதனால் வேதித்தூது பொருள் வெளிப்படுகிறது என்று ஒரு வரி தவறாமல் அங்கே வரும். பாடநூலிலும் வரும், தமிழில் வெளியாகும் அறிவியல் கட்டுரைகளிலும் வரும். வரி பிழையானதல்ல. எதன் வழியே நுழைகின்றன என்று கேட்டால் 'கால்சியக் கால்வாய் வழியே' என்று விடை கிடைக்கும். இந்த ஒருமைதான் நம் விமர்சனத்துக்குரியது.

ஒருமையால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபைன் மாத்திரை உண்பவர்கள் இன்று கோவில்பட்டியிலும் தெருவுக்குச் சிலர் இருக்கிறார்கள். அந்த மாத்திரை கால்சிய வழியை அடைக்கும் மருந்து. அதை உண்ணும் ஒருவர், பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் பேத்தியின் புத்தகத்தைப் புரட்டி, மூளை நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கால்சிய வழி திறந்தாக வேண்டும் என்று படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அப்படியானால் இந்த மாத்திரையால் என் மூளை ஏன் நின்றுபோகவில்லை?' என்று அவர் கேட்டால், நம் கட்டுரைகள் எவற்றிலும் விடை இல்லை. நியாயமான கேள்விக்கு விடை தராத எழுத்தைக் குறையுள்ள எழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

கால்சியத்துக்கு எலும்பைத் தவிர வேறு வேலையும் உண்டு என்பது தெரியவந்த கதையே சுவையானது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். 1882ஆம் ஆண்டுச் சோதனைகளில் இதயம் நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசல் வடிநீரில் தயாரிக்கப்படவில்லை, குழாய் நீரில் தயாரிக்கப்பட்டது என்பது. உண்மையான வடிநீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய் நீரில் இருந்த சிறிதளவு கால்சியம்தான் இதயத்தை ஓட்டியது என்று 1883இல் ரிங்கர் எழுதினார். சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிற கரிசல் காட்டுக் கிணற்று நீரை எடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதே பாடம் கிடைத்திருக்கும்!

இனி அந்த வழி எத்தகையது என்று பார்ப்போம். முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'கால்வாய்' என்றால் நாம் காண்பது நீளமாக வெட்டப்பட்டு, எப்போதும் திறந்து கிடக்கும் நீர்த்தடம். ஆனால் இங்கே பேசப்படுவது, நரம்பணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் பதிந்த ஒரு புரதம். சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அந்தப் புரதத்தின் நடுவே ஒரு துளை. அத்துளைக்குத் திறந்து மூடும் கதவு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மாணவனிடம் 'மடை' என்று சொன்னால் போதும். கண்மாய்க் கரையில் பதிந்திருப்பது மடை. வேண்டும்போது திறப்பது, வேண்டாதபோது அடைப்பது. கையருகே மடை இருக்கக் கால்வாயைத் தேடிப்போன கலைச்சொல்லாக்கம், ஆங்கில அகராதியைப் பார்த்துச் செய்யப்பட்டதேயன்றிப் பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல. இக்கட்டுரையில் நாம் மடை என்றே எழுதுவோம்.

நரம்பணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. ஆகவே மடை ஒரு கணம் திறந்தாலும் கால்சியம் பாய்ந்து நுழையும். திறக்கச் செய்வது சவ்வின் மின்னழுத்தம். புரதத்தின் நான்கு பகுதிகளிலும் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துண்டு உண்டு. துடிப்பு வந்து மின்னழுத்தம் மாறும்போது அத்துண்டுகள் இடம் பெயர்கின்றன; கதவு திறக்கிறது. இந்த இடத்தில் கண்மாய் உவமை சற்றுப் பிசகும். கண்மாயில் நீர்மட்டமே நீரைத் தள்ளுகிறது. இங்கோ மின்மட்டம் திறவுகோலாக மட்டுமின்றித் தள்ளுவிசையின் ஒரு பங்காகவும் இருக்கிறது. பெரும் பங்கு செறிவு வேற்றுமையுடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உவமை பயன்படும்.

சோடியமும் கால்சியமும் அயனி நிலையில் ஏறத்தாழ ஒரே பருமன். வெளியே சோடியமோ பன்மடங்கு அதிகம். இருந்தும் இந்த மடை கால்சியத்தையே தேர்ந்து விடுகிறது. துளையின் குறுகலான இடத்தில் குளூட்டமிக் அமில அலகுகள் நான்கு எதிரெதிரே நின்று, இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இறுகப் பற்றினால் வேகம் குறைய வேண்டும் அல்லவா? அடுத்து வரும் அயனி முன்னதை உந்தித் தள்ளுவதால் ஒரு நொடியில் பத்து லட்சம் அயனிகள் வரை கடந்துவிடுகின்றன.

பெரிய கண்மாய்க்கு ஒரு மடை போதாது. பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று வெவ்வேறு மட்டங்களில் வைப்பார்கள். சிறிது நீர் வந்தாலும் கீழ்மடையில் பாயும். மேல்மடையில் பாய வேண்டுமானால் கண்மாய் பெருக வேண்டும். நரம்பணுவிலும் இப்படியே என்பது தெரியவரச் சிறிது காலம் பிடித்தது. 1953இல் பால் ஃபாட், பெர்னார்டு காட்ஸ் இருவரும் நண்டின் தசையில், சோடியம் இல்லாமலே மின்துடிப்பு எழுவதைக் கண்டனர். அது கால்சியத்தால் எழுந்த துடிப்பு என்பது பின்னர் உறுதிப்பட்டது. 1975இல் ஹகிவாராவும் அவர் உடனுழைத்தவர்களும் நட்சத்திர மீனின் முட்டையில் இரண்டு வேறு மின்மட்டங்களில் கால்சியம் பாய்வதை அளந்தனர். முதுகெலும்புள்ள விலங்குகளின் நரம்பணுக்களிலும் இருவகை உண்டு என்று 1984இல் கார்போனும் லக்ஸும் காட்டினர். மறு ஆண்டே நவைக்கி, ஃபாக்ஸ், ரிச்சர்டு சியன் மூவரும் வகைகள் மூன்று என்றனர். அவர்கள் இட்ட பெயர்கள்தாம் எல், டி, என்.

இந்தப் பெயர்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசத் தோன்றுகிறது. நெடுநேரம் திறந்திருப்பது எல். கணநேரம் திறந்து மூடுவது டி. இரண்டிலும் சேராதது என். பிறகு சிறுமூளையின் புர்கின்ஜி அணுக்களில் லினாஸ் குழுவினர் 1989இல் கண்டது பி. பி-க்கு அடுத்த எழுத்து என்பதால் இன்னொன்று க்யூ. எல்லா மருந்துகளையும் இட்டு அடைத்த பிறகும் எஞ்சி நின்ற ஓட்டம் ஆர். ஒன்று திறந்திருக்கும் நேரத்தால் பெயர் பெற்றது, ஒன்று அணுவின் பெயரால், ஒன்று அகர வரிசையால், ஒன்று மிச்சம் என்பதால்! தமிழில் எழுதும்போது வேறோர் இடையூறும் சேர்ந்துகொள்கிறது: 'என் வகை' என்று அச்சிட்டால் 'எனது வகை' என்றே மாணவன் படிப்பான்.

குழப்பம் பெயரோடு நிற்கவில்லை. 1987இல் ஜப்பானில் நூமா குழுவினர் எலும்புத் தசையிலிருந்து முதல் கால்சிய மடையின் மரபணு வரிசையைப் படித்தனர். 1990இல் டெரி ஸ்னட்ச் குழுவினர் எலியின் மூளையில் ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருப்பதைக் காட்டினர். இப்போது மனிதரில் முதன்மைப் புரதத்துக்கான மரபணுக்கள் பத்து என்பது தெளிவு. எழுத்துப் பெயர்களையும் இந்தப் பத்தையும் பொருத்திப் பார்த்தபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. எல் என்ற ஓர் எழுத்துக்குள் நான்கு மரபணுக்கள். டி என்பதற்குள் மூன்று. ஆனால் பி, க்யூ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் மரபணு ஒன்றே! நெடுநேரம் திறந்திருக்கும் மேல்மடை என்று சொல்லப்பட்ட எல் வகையிலும் ஓர் உறுப்பினர் ஏறத்தாழ கீழ்மடை மட்டத்திலேயே திறந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கூடி எண் முறைக்கு மாறினார்கள்: சிஏவி 1.1 முதல் 1.4 வரை எல் வகை, 2.1 என்பது பி-யும் க்யூவும், 2.2 என்பது என்; 2.3 என்பது ஆர், 3.1 முதல் 3.3 வரை டி. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான கே 11 என்ற பருத்தியின் எண்ணைப் போலத்தான் இதுவும். எண்ணைக் கேட்டதும் குணம் தெரியாது. ஆனால் ஒன்றை மற்றொன்று என்று மயங்கவும் மாட்டோம்.

பத்து மரபணு, பத்து மடை என்று முடித்துவிடலாமா? முடியாது. மரபணுவின் செய்தி புரதமாகும் முன் வெட்டி ஒட்டப்படுகிறது. சில துண்டுகள் சேர்க்கப்படும், சில விடப்படும், சில இடங்களில் இரண்டில் ஒன்று மட்டும் வைக்கப்படும். பி-யும் க்யூவும் ஒரே மரபணுவின் வெவ்வேறு வெட்டுகளால் விளைபவை என்று ஸ்னட்ச் குழுவினர் 1999இல் காட்டினர். மாத்திரை உண்பவரின் கேள்விக்கு விடையில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. அம்லோடிபைனும் அதன் உறவான நிஃபெடிபைனும் பற்றுவது எல் வகையை மட்டுமே. மூளையில் நரம்பு முனைகளில் தூதுபொருளை வெளிவிடும் வேலை பெரும்பாலும் 2.1, 2.2 ஆகிய மடைகளுடையது. மருந்து அவற்றைத் தொடுவதில்லை. அம்லோடிபைன் மூளைக்குள் எளிதாக நுழைவதுமில்லை. இரத்தக் குழாயிலும் இதயத்திலும் இருப்பது ஒரே 1.2 மரபணுதான், ஆனால் குழாயில் உள்ள வெட்டு இம்மருந்துகளுக்கு எளிதில் வசப்படுகிறது, இதயத்தில் உள்ளது அவ்வளவாக வசப்படுவதில்லை. இரு தசைகளின் மின்மட்டமும் வேறு. ஆகவே குழாய் தளர்கிறது, இதயம் நிற்பதில்லை, மூளையும் நிற்பதில்லை.

வெட்டி ஒட்டுவதைப் பற்றி எழுதும்போது நம் கட்டுரையாளர்கள் எதிர்த்திசையிலும் வழுக்கி விழுகிறார்கள். மாற்றக்கூடிய இடங்கள் பத்து என்றால் வகைகள் 1,024 என்று பெருக்கி, 'ஆயிரக்கணக்கான மடைகள்' என்று வியப்புக்குறி இடுவது அந்த வழுக்கல். பத்து விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் 1,024 விதமாக வைக்கலாம் என்பதால், ஒரு தெருவில் கார்த்திகைக்கு 1,024 விதமான வரிசைகள் இருப்பதில்லை. கணக்கில் இயல்வது வேறு, ஓர் அணுவில் உண்மையாகக் காணப்படுவது வேறு. எந்த அணுவில் எந்த வெட்டு, அதனால் எந்த வேலை என்பதே கேள்வி. அதற்கு ஒவ்வொன்றாகத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடெல்லாம் ஆய்வுக்கூடத்து நுணுக்கம் என்று கருதுவோருக்குத் தேளைக் காட்டலாம். பருத்திமார்க் கட்டைத் தூக்கும்போதும் கல்லைப் புரட்டும்போதும் கரிசல் காட்டில் எச்சரிக்கையாக இருப்பது தேளுக்காக. வறண்ட பகுதிகளில் காணப்படும் செந்தேளுக்கு 1798இல் ஃபப்ரிசியஸ் இட்ட சிற்றினப் பெயர் 'டாமுலஸ்'. தமிழை நினைவூட்டும் பெயர். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் பக்கத்து வழக்கம். தோலின் மேல் பூசிய கால்சியத்துக்கு உள்ளே நடப்பதோடு ஒரு தொடர்பும் இல்லை. தோல் வெந்து போவதும், ஆசுபத்திரிக்குப் போகும் நேரம் வீணாவதும்தான் மிச்சம்.

உள்ளே நடப்பது இது. செந்தேளின் நஞ்சு சோடிய மடைகளைச் சரிவர மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. துடிப்பு ஒவ்வொன்றும் பரிவு நரம்பின் முனையில் கால்சிய மடையைத் திறக்கிறது, நார்அட்ரினலின் கொட்டுகிறது. வியர்வை பெருகும், கைகால் சில்லிடும், இரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைத்து நுரையீரலில் நீர் கோக்கும். மேற்கு இந்தியாவில் 1961 முதல் 1983 வரை, இவ்வாறு நுரையீரலில் நீர் கோத்த நோயாளிகளில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்தனர்.

மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இந்நோயாளிகளைப் படுக்கையருகே இருந்து கவனித்து எழுதினார். அழுத்தத்தை இறக்க நிஃபெடிபைன் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. 'கால்சிய மடையை அடைக்கும் மருந்து' என்று பெயரை மட்டும் படித்தால் இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்றே தோன்றும். ஆனால் அது அடைத்தது குழாய்த் தசையிலுள்ள எல் மடையை. நரம்பு முனையில் நார்அட்ரினலினை வெளியே விடும் மடையோ பெரும்பாலும் 2.2. அதை நிஃபெடிபைன் தொடவில்லை. அழுத்தம் இறங்கியதேயன்றி ஊற்று அடைபடவில்லை. தூண்டப்பட்ட இதயம் இன்னும் விரைந்தது, அதன் வலுவும் தளர்ந்தது. பிரசோசின் என்ற வேறு மருந்து, கால்சிய மடை எதையும் அடைக்காமல், நார்அட்ரினலின் வந்து பற்றும் இடத்தையே மறித்தது. பவாஸ்கர் தம்பதியர் அதை 1986இல் 'லான்செட்' இதழில் எழுதினர். பிரசோசின் வந்த பின் அத்தகைய நோயாளிகளில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனது.

பரிவு நரம்பில் நார்அட்ரினலினை வெளிவிடுவதில் என் வகைக்கே தலைமைப் பங்கு என்ற ஆய்வு வெளியானது 1988இல். அதாவது, மருந்து மாற்றப்பட்டது மூலக்கூறு அறிவால் அல்ல. நோயாளியைக் கவனித்த கண்ணால். மூலக்கூறு அறிவு பின்னால் வந்து காரணம் சொன்னது. விஞ்ஞானம் எப்போதும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆசுபத்திரிக்கு ஒருவழிப் பாதையில் வருவதாக எழுதும் பழக்கமும் நம்மிடம் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

அந்த 2.2 மடையை அடைப்பது எது? தூத்துக்குடிக் கடற்கரையில் அழகுப் பொருளாக விற்கும் கூம்புச் சங்குகளின் இனத்தில் அது அகப்பட்டது. மீனை நஞ்சு ஊசியால் குத்திப் பிடிக்கும் இந்தச் சங்குகளைப் பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேரா ஆராய்ந்தார். அவற்றின் ஒமேகா கோனோடாக்சின்கள் என் மடையைத் தேடிப் பற்றுபவை. நம் நாட்டிலும் கே. எஸ். கிருஷ்ணன், பி. பலராம் போன்றோர் நம் கடற்கரைச் சங்குகளின் நஞ்சை ஆராய்ந்தனர். அவர்கள் குழு 'கோனஸ் அமாடிஸ்' என்ற சங்கிலிருந்து 2003இல் அறிவித்த ஒரு நஞ்சு சோடிய மடையின் மேல் வேலை செய்வது.

ஒலிவேராவின் சங்கு நஞ்சு ஒன்று சிகோனோடைடு என்ற பெயரில், 25 அமினோ அமிலங்கள் கொண்ட வலி மருந்தாக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 'மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு வலிமை' என்று இதைப் பற்றி வராத பத்திரிகை இல்லை. எடைக்கு எடை ஒப்பிட்டுச் சொல்லும் இந்த ஆயிரம் மடங்கு நோயாளிக்குப் பொருளற்றது. அவருக்கு வேண்டியது வலி போவதும் அறிவு கலங்காமல் இருப்பதும். சிகோனோடைடைத் தண்டுவட நீரில் குழாய் வைத்துத்தான் செலுத்த வேண்டும். அப்படியும் மயக்கம், நினைவுத் தடுமாற்றம், இல்லாததைக் காண்பது முதலியவை நேர்கின்றன. காரணம் எளிது. வலி நரம்பின் முனையில் உள்ள 2.2 மூளை முழுவதிலும் இருக்கிறது.

முழுவதும் ஒன்றேதானா என்று கேட்டவர் டயான் லிப்ஸ்கோம். 2004இல் அவர் குழுவினர், 2.2 மரபணுவில் 37ஆம் இடத்தில் 'ஏ', 'பி' என்ற இரு துண்டுகளில் ஒன்று மட்டும் வைக்கப்படுவதையும், 'ஏ' துண்டு கொண்ட மடை வலியை உணரும் நரம்பணுக்களிலேயே மிகுந்திருப்பதையும் காட்டினர். அதை மட்டும் அடைக்க முடிந்தால் மூளையைக் கலக்காமல் வலியைக் குறைக்கலாம் என்பது எண்ணம். அத்தகைய மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்திருப்பது வேறொன்று. முதன்மைப் புரதத்தோடு துணைப் புரதங்களும் உண்டு என்பதை நாம் இதுவரை சொல்லவில்லை. அவற்றுள் ஆல்ஃபா-2-டெல்டா என்பது, மடை சவ்வில் போய்ச் சேர்ந்து நிலைக்க உதவுவது. நீரிழிவு நோயாளியின் காலெரிச்சலுக்கு மருத்துவர் எழுதும் கபபென்டின், பிரிகாபலின் மாத்திரைகள் பற்றுவது இதைத்தான். கபபென்டினை உருவாக்கியவர்கள் காபா என்ற வேறொரு மூளைப் பொருளைப்போல் இருக்கட்டும் என்று வடிவமைத்தனர்; பெயரிலும் காபா இருக்கிறது. அது ஆல்ஃபா-2-டெல்டாவைப் பற்றுகிறது என்பது 1996இல்தான் தெரிந்தது. கதவை அடைக்காமல், நரம்பு முனைக்கு வந்து சேரும் மடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகவே இதன் வேலை இப்போது விளக்கப்படுகிறது. ஆனால் காபா வேலை செய்யும் இடத்தில் செய்யும் மருந்து என்று பெயரை வைத்தே எழுதும் கட்டுரைகள் இன்றும் தமிழில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.